சல்மாவுக்குக் கொடுத்த படிகம்

குருவிநத்தம் பலராமனின் மூத்த மகள் விஜயகுமாரிதான் அந்த ஊரிலிருந்து முதன்முதலாக எம்.எஸ்சி. வரை படித்த பெண். ஆனால் இதைச் சொல்கிற யாரும் அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். வில்லியனூர் ஜவுளிக்கடைக்காரர் மகள் சல்மாவும் இவளும் ஒன்றாகத்தான் படித்தார்கள், ஆனால் சல்மாதான் முதல் என்று கூடவே ஒரு வால் சேர்ப்பார்கள். சொல்கிறவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. விஜயகுமாரிக்கு அந்த 'ஆனால்' சோற்றில் கடிபட்ட கல்லாக இருக்கும்.

பாண்டிச்சேரிக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்த நாளிலேயே இது தொடங்கிவிட்டது. விஜயகுமாரி பாகூருக்கு நடந்து வந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவாள். படித்ததைத் திரும்பத் திரும்பப் படித்து, எழுதி, மறுபடி எழுதிப் பார்ப்பாள். சல்மா பரீட்சைக்கு முந்தின நாள்தான் புத்தகத்தைத் திறப்பாள். மதிப்பெண் வரும்போது சல்மா முதல், விஜயகுமாரி இரண்டாவது. சல்மா கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவளோ தன் சாப்பாட்டில் பாதியை இவள் தட்டில் வைப்பாள், மழை பெய்தால் தன் குடையை இவள் பக்கமே சாய்த்துப் பிடிப்பாள். அதுதான் தாங்க முடியாது.

இருவரும் சென்னையில் எம்.எஸ்சி. முடித்து, எழுபத்து நான்கில் அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் சூசைநாதனிடம் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்தார்கள். சூசைநாதனின் ஆராய்ச்சி முழுக்க யூரோப்பியம் என்ற உலோகத்தைச் சுற்றியே இருந்தது. அந்த உலோகத்தின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமாக அந்தக் காந்தங்கள் திசைக்கு ஒன்றாக ஆடிக்கொண்டிருக்கும். யூரோப்பியத்தை டெல்லூரியத்தோடு சேர்த்துப் படிகமாக்கி, திரவ ஹீலியத்தால் கடுங்குளிருக்குக் கொண்டுபோனால் ஒரு கட்டத்தில் ஆட்டம் நின்று அவை ஒழுங்குக்கு வரும். இரும்புக் காந்தத்தில்போல எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்காது. ஓர் அடுக்கு ஒரு பக்கம் பார்த்தால் அடுத்த அடுக்கு அதற்கு நேர் எதிரே திரும்பி நிற்கும். ஒன்றின் பலத்தை அடுத்தது அழித்துவிடும். உள்ளே அவ்வளவு காந்தம் இருந்தும் வெளியே இரும்புத்தூள்கூட ஒட்டாது. ஆய்வுக்கூடத்தில் இதைச் சுருக்கமாக ஆன்டிஃபெரோ என்பார்கள்.

வெளியே தெரியாத ஒழுங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? படிகத்தின் சின்னத் துண்டை ஒரு பெரிய காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, எவ்வளவு இழுபடுகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். குளிரக் குளிர இழுப்பு கூடிக்கொண்டே போகும். ஒழுங்கு வந்த கணத்தில் உச்சம் தொட்டுச் சரியும். வரைபடத்தில் அது சின்ன மேடாக விழும். யூரோப்பியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, காந்தமே இல்லாத ஸ்ட்ரான்சியத்தை அந்த இடத்தில் வைத்தால் அந்த மேடு எங்கே நகர்கிறது, எப்போது மறைகிறது என்று பார்ப்பதுதான் இரண்டு பெண்களுக்கும் கொடுக்கப்பட்ட வேலை.

படிகம் வளர்ப்பது விஜயகுமாரி. அளந்து பார்ப்பது சல்மா.

படிகம் வளர்ப்பது லேசான வேலை இல்லை. யூரோப்பியம் எண்ணெயில் மூழ்கியபடி வரும். வெட்டினால் வெள்ளியாக மின்னும், காற்றுப் பட்டால் மங்கி மஞ்சள் பூத்துப் பொடியாகிவிடும். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதிலேயே பொருத்திய தடித்த ரப்பர் கையுறைக்குள் கைவிட்டு, வியர்க்க வியர்க்க வெட்ட வேண்டும். நிறுத்து, டெல்லூரியத்தோடு மூசையில் அடைத்து, உலையில் உருக்கி, அவசரப்படாமல் ஆறவிட வேண்டும். சூடு ஒரு பிடி தவறினால் எல்லாம் சிதறிய கரியாகிவிடும். விஜயகுமாரிக்கு அந்த வேலை கைவந்தது. அவளுடைய உலையிலிருந்து கன்னங்கரேலென்று, உடைத்த முகம் கண்ணாடியாகப் பளபளக்கும் படிகங்கள் வந்தன. சல்மா ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, இது தனக்கு ஆகாது என்று சிரித்துக்கொண்டே விலகிவிட்டாள்.

ஆனால் கருத்தரங்கில் திரையில் விழுவது படிகம் இல்லை, வளைகோடு. சல்மாவின் வளைகோடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கட்டுரை அச்சானபோது முதலில் சல்மா பெயர், அடுத்து விஜயகுமாரி பெயர். அளந்தவர் பெயர் முன்னால் வருவது வழக்கம் என்றார் பேராசிரியர். விஜயகுமாரி தலையாட்டினாள். அன்றைக்கு விடுதியில் சாப்பாட்டு மேசையில் சல்மா எதிரே உட்கார்ந்து சலசலவென்று பேசிக்கொண்டிருந்தபோது, அவளுடைய ஒவ்வொரு சொல்லும் தன் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிற கவளமாக இவளுக்குப் பட்டது.

ஊருக்குப் போனாலும் நிம்மதி கிடையாது. சல்மாவின் அத்தா மைதீன் பிச்சை, மகள் படிப்பை மதகடிப்பட்டுச் சந்தை வரைக்கும் சொல்லிப் பெருமைப்படுகிற மனிதர். விஜயகுமாரியின் அப்பாவோ கரும்பு வெட்டுக்கு நடுவில் தலை நிமிர்ந்து, எப்போது முடியும், மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் கேட்பார். என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. இதற்கும் சல்மாதான் காரணம் என்பதுபோல் விஜயகுமாரிக்கு அவள்மேல் கோபம் வரும். சரியில்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய?

எழுபத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில், ஒரே படிகத்தை இரண்டாகப் பிளந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஆர்கான் நிரப்பி மூடி வைத்திருந்தாள் விஜயகுமாரி. ஒரு பாதியிலிருந்து துளி எடுத்து எக்ஸ்ரே படமும் பிடித்தாயிற்று. சுத்தமான படிகம். மறுவாரம் காலையில் பார்த்தபோது, படம் எடுக்காத பாதி இருந்த குழாயின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. ஈரக்காற்று உள்ளே போயிருந்தது. படிகத்தின் ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது. யூரோப்பியம் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால் வேறொரு பொருளாகிவிடும், அந்த ஆக்சைடு நிஜமான காந்தம். அது துளி கலந்தாலும் அளவு கெட்டுவிடும். எடுத்துக் குப்பையில் போட வேண்டியதுதான்.

போட்டிருப்பாள். அன்று காலைதான் பேராசிரியர் வந்து, அடுத்து பம்பாயில் நடக்கிற மாநாட்டில் சல்மா பேசுவாள் என்றார். விஜயகுமாரியும் கூடப் போகலாமே என்று யாரும் சொல்லவில்லை. சல்மாகூடச் சொல்லவில்லை.

விஜயகுமாரி கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு, பிளேடால் அந்த மஞ்சளைச் சுரண்டினாள். கறுப்பு முகம் மறுபடி பளபளத்தது. புதுக் குழாயில் அடைத்து, மாடி ஏறிப்போய் சல்மாவின் கையில் கொடுத்தாள். நல்ல பாதி கீழே அலமாரியில் இருந்தது.

பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை அவள். ஹீலியம் எப்போதாவதுதான் கிடைக்கும். ஒருமுறை வீணாகட்டும், கோணல்மாணலான கோடு ஒன்றை வைத்துக்கொண்டு சல்மா பேராசிரியர் முன்னால் வாயடைத்து நிற்கட்டும், ஒரே ஒரு நாள் அப்படி நிற்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

நடந்தது தலைகீழ். மாலையில் சல்மா படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்து இவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கடுங்குளிரில் வர வேண்டிய மேடு வந்திருந்தது. அதற்கு வெகு முன்னாலேயே, எண்பது டிகிரிக் கெல்வின் அருகில், படிகம் இரும்பு போலக் காந்தத்துக்குத் தாவியிருந்தது. ஆன்டிஃபெரோ ஒழுங்கு வருவதற்கு முன் இன்னோர் ஒழுங்கு இருக்கிறது, இதுவரை யாரும் பார்க்காதது என்றாள் சல்மா.

சூசைநாதன் லேசில் நம்புகிறவர் இல்லை. ஆக்சைடு கலந்திருக்குமோ என்றுதான் முதலில் கேட்டார். ஆனால் ஆக்சைடு காந்தமாகிற இடம் எழுபதை ஒட்டி, இது தள்ளியிருக்கிறதே என்று அவரே யோசித்தார். பிறகு விஜயகுமாரி பக்கம் திரும்பினார்.

"எக்ஸ்ரே படத்தில் ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அவள்.

பொய் இல்லை. படத்தில் ஒன்றும் இல்லைதான். திரும்ப அளந்து பார்க்கலாம் என்றார் பேராசிரியர். ஹீலியம் இயந்திரம் பழுதாகி மாதக்கணக்கில் நின்றுபோயிற்று. மாநாடு காத்திருக்கவில்லை.

பம்பாயில் சல்மா பேசி முடித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று என்று உடன் போனவர்கள் வந்து சொன்னார்கள். மாநாட்டுக்கு வந்திருந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஒருவர் அவளோடு பேசினார், அவள் பாண்டிச்சேரிப் பள்ளிப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். தன்னுடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்து இரண்டு வருஷம் வேலை செய்யச் சொல்லி அங்கேயே அழைத்துவிட்டார். விஜயகுமாரிக்கும் அதே பிரெஞ்சு தெரியும். சல்மாவைவிட உச்சரிப்பு சுத்தம்.

கெட்டுப்போன படிகத்தைக் கொடுத்து அவளைக் கவிழ்க்கப் பார்த்தால், அதிலேயே ஏறி உட்கார்ந்து கடல் கடந்து போகப் போகிறாள். அந்தப் புகழ் பொய் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தி வாயைத் திறக்க முடியாது.

தை மாதத்தில் வில்லியனூரில் சல்மா படித்த பெண்கள் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். விஜயகுமாரி வராமல் இருக்கக்கூடாது என்று சல்மாவின் அம்மா மெஹர் நிஷா ஆள்மேல் ஆள் விட்டார். முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொண்டார். மேடையில் ஒருவர், சல்மா புதுக் காந்தம் கண்டுபிடித்திருக்கிறாள், இனி பம்புசெட்டு கரண்டு இல்லாமலே ஓடும் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. சல்மா முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எழுந்து, தான் அளந்தவள்தான், படிகம் வளர்த்தவள் அதோ உட்கார்ந்திருக்கிற விஜயகுமாரி, அவளில்லாமல் எதுவும் இல்லை என்றாள். எல்லாத் தலையும் இவள் பக்கம் திரும்பியது. மெஹர் நிஷா இவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ கூட இருக்கிற தைரியத்துலதான் கண்ணு நாங்க அவள அவ்ளோ தூரம் உட்டோம்" என்றார்.

விஜயகுமாரி கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்கு வந்தது வெட்கம் இல்லை. மேடையில் நின்று தாராளமாகப் பங்கு கொடுக்கக்கூட சல்மாவுக்கு முடிகிறது, தனக்கு வாங்கிக்கொள்ளக்கூட முடியவில்லை என்ற எரிச்சல்தான் வந்தது. சல்மா பிரான்சுக்குப் போகக் கூடாது. பஸ்ஸில் பாகூர் வருகிற வரைக்கும் அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

சென்னை திரும்பிய அன்றே பேராசிரியர் அறைக்குப் போனாள். அந்தப் படிகம் காற்றுப்பட்டுக் கெட்டது, கொடுக்கும்போதே தனக்குத் தெரியும், எக்ஸ்ரே எடுத்தது மற்ற பாதியில், ஆக்சைடில் யூரோப்பியம் மிஞ்சினால் அது காந்தமாகிற இடம் எழுபதைத் தாண்டிப் போகும் என்று நின்றபடியே சொன்னாள். தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். தான் போனாலும் போகட்டும், அவள் போகக் கூடாது.

சூசைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அச்சுக்குப் போயிருந்த கட்டுரையை நிறுத்தச் சொல்லி அன்றே தந்தி கொடுத்தார். மற்றவர்களிடம், படிகத்தில் கோளாறு இருந்ததை விஜயகுமாரி தானாகவே வந்து சொன்னாள், விஞ்ஞானத்துக்கு இந்த நேர்மைதான் வேண்டும் என்று மட்டும் சொன்னார். இளைய மாணவர்கள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பொறாமையில் செய்த காரியத்துக்கு நேர்மை என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அங்கே நடமாட முடியாமல் அவள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

சல்மா குருவிநத்தத்துக்கே தேடி வந்தாள். விஜயகுமாரி பெண்ணையாற்றங்கரைக் கொல்லையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தாள். வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சல்மா நடந்து வருவது தூரத்திலேயே தெரிந்தது. பலராமன் அவளைப் பார்த்து, வாம்மா என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு மடை திருப்பப் போய்விட்டார்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரிஞ்சேதான்."

"இன்னாத்துக்குடி?"

விஜயகுமாரி கரும்புத் தோகை ஒன்றைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். "உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. காலேஜ்லேந்தே எரியுது."

சல்மா கையிலிருந்த செருப்பை வரப்பில் போட்டாள். "அப்ப இப்ப ஏன் சொன்ன? சார் நெனைக்கிற மாதிரி மனசு கேக்காமயா?" என்றாள்.

"இல்ல. நீ பிரான்சுக்குப் போறது பொறுக்கல."

சல்மா சிரிப்பாளோ, அறைவாளோ என்று விஜயகுமாரி காத்திருந்தாள். சல்மா இரண்டும் செய்யவில்லை. முதல்முறையாக அவள் முகம் வயசாகித் தெரிந்தது. அந்த அளவு தவறு என்று பிரெஞ்சுக்காரர்களுக்குத் தானே எழுதிவிட்டதாகவும், அவர்கள் இன்னும் பதில் போடவில்லை என்றும் சொன்னாள். வில்லியனூரில் அத்தா கடைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

"நல்ல பாதி இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"ஹீலியம் அடுத்த வாரம் வருது. வந்து உன் கையாலயே மாட்டிக் குடு. நான் கண்ண மூடிக்கினு வாங்குற காலம் போயிடுச்சு."

விஜயகுமாரி போனாள். அந்த நாள் முழுவதும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். விஜயகுமாரி படிகத்தைத் தொங்கவிட்டாள், சல்மா அளவைப் படித்தாள், இவள் புள்ளி வைத்தாள். எண்பதின் அருகே கோடு அசையாமல் கடந்தது. கடைசிக் குளிரில், ஸ்ட்ரான்சியம் கலந்ததற்கு ஏற்றாற்போலக் கொஞ்சம் தள்ளி, தாழ்வான மேடு ஒன்று எழுந்து சரிந்தது. அதுதான் நிஜமான ஒழுங்கு. பார்த்தவர்கள் கைதட்டுகிற விஷயம் இல்லை. இழுப்பு உச்சம் தொட்டுக் குறைந்த இடத்தில் புள்ளி வைக்கும்போது விஜயகுமாரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பிப் பார்த்தாள். சல்மாவின் கண்ணும் அந்தப் புள்ளியில்தான் இருந்தது. பழைய நாளாக இருந்தால் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பாள். அன்று அடுத்த எண்ணைப் படித்தாள்.

அந்தக் கட்டுரை அடக்கமாக வெளிவந்தது. சல்மா தன் பெயரை இரண்டாவதாகப் போடச் சொல்லிவிட்டாள். விஜயகுமாரி அதைப் பிரித்துப் பார்த்தபோது, இத்தனை நாள் ஏங்கிய இடத்தில் தன் பெயர் இருந்தது. பிச்சை போட்டது போலவும் இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வருஷம் கழித்து சல்மாவை மறுபடி கூப்பிட்டார்கள். தன் தவறைத் தானே எழுதித் தெரிவித்த பெண் வேண்டும் என்றார்களாம். அவள் போனாள். போகும்போது விஜயகுமாரியிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள், ஆனால் 'டி' போடாமல் பேசினாள். அதற்குப் பிறகு எப்போதும் 'டி' போட்டதில்லை.

விஜயகுமாரி ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, பாண்டிச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளரானாள். திருபுவனை ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த குழந்தைவேலுவைக் கட்டிக்கொண்டு வில்லியனூரிலேயே குடியேற வேண்டி வந்தது. வில்லியனூர் என்று கேட்டதும் முதலில் முடியாது என்றாள், காரணம் சொல்ல முடியாததால் ஒத்துக்கொண்டாள். தேரடிப் பக்கம் போகும்போதெல்லாம் மைதீன் பிச்சை கடைக்கு உள்ளேயிருந்தே குரல் கொடுத்து, மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்று சொல்வார். இவள் செய்ததைப் பற்றி அந்த மனிதருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. விஜயகுமாரி நின்று முழுவதும் கேட்டுக்கொள்வாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, வீட்டுக்கு வந்து அன்று பொழுதுக்கும் யாரிடமும் பேசாமல் இருப்பாள். குழந்தைவேலு தலைவலியா என்று கேட்பார், ஆமாம் என்பாள்.

எண்பத்தைந்தில் மைதீன் பிச்சை காலமானார். சல்மா வந்திருந்தாள். விஜயகுமாரி துக்கம் கேட்கப் போனபோது, பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் அவளுக்கு இடம் ஒதுக்கிப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அத்தா கடைசி வரை உங்களைத்தான் விசாரிப்பார் என்றாள். பிறகு பேச்சு மெல்ல வேலைக்கு வந்தது. இப்போதும் படிகம் வளர்க்கிறீர்களா என்று கேட்டாள்.

கல்லூரியில் உலை இல்லை, பாடம் நடத்தவே நேரம் சரியாக இருக்கிறது என்றாள் விஜயகுமாரி.

"அங்க பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வளக்குறாங்க. உங்க படிகம் மாதிரி நான் பாக்கல" என்றாள் சல்மா. "பாவம், வீணாப்போச்சு."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். அடி வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. பழைய எரிச்சல் ஒரு துளிகூட மங்காமல் அப்படியே உள்ளே கிடந்தது என்று விஜயகுமாரிக்கு அன்று தெரிந்தது. தன்னைப் பார்த்து சல்மா ஒருநாள்கூடப் பொறாமைப்பட்டதில்லை, இப்போது பரிதாபப்படுகிறாள்.

மறுநாளே கல்லூரி முதல்வரிடம் போய் உலை வேண்டும் என்றாள். முதல்வர் சிரித்தார். மறுவாரமும் போனாள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். அவள் கேட்டுக் கேட்டு அவர்களே அலுத்துப்போய், மூன்றாவது வருஷம் ஒரு சின்ன உலை வந்து இறங்கியது. யூரோப்பியத்துக்கு அது போதாது. பிஸ்மத் டெல்லுரைடு போன்ற எளிய படிகங்களுக்குப் போதும். அவள் மாணவிகளில் இரண்டு பேர் பின்னாளில் பெரிய ஆய்வுக்கூடங்களுக்குப் போனார்கள்.

எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று உலையைத் திறந்துவைத்த அன்று முதல்வர் கேட்டார். பிள்ளைகளுக்காகத்தான் என்றாள் விஜயகுமாரி. அதுவும் பொய் இல்லை.